கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம்

பீங்கான் வேலை செய்கிற ஒருவர் கையில் புதிதாக ஒரு கோப்பையைக் கொடுங்கள். உள்ளங்கையில் ஏந்தி எடையைக் கணிப்பார். விளிம்பில் பெருவிரலை ஓட்டுவார். அப்புறம் கவிழ்த்துவிடுவார். நிறம், சித்திரம், வடிவம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் போன எல்லா ஊர்களிலும் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத ஊரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து, அங்கிருக்கும் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் எடுத்து மெதுவாகக் கவிழ்த்தால் போதும். வந்திருப்பது நம்ம தொழில்காரர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். பேச்சு அங்கிருந்து தொடங்கும், பெரும்பாலும் கைகளாலேயே.

அடியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பாத்திரத்தின் உள்ளும் புறமும் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு மூடியிருக்கும். ஸ்டோன்வேர் வகைப் பாத்திரங்களில் அந்தப் பூச்சு 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகி இளகுகிறது. அது சூளைத் தட்டைத் தொட்டால், ஆறியதும் பாத்திரமும் தட்டும் ஒன்றாகிவிடும். உளியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால் தட்டில் உட்காரும் பகுதியில் கிளேஸைத் துடைத்துவிடுவோம், அல்லது முன்கூட்டியே மெழுகு தடவி, பூச்சு ஒட்டாமல் பார்த்துக்கொள்வோம். பாத்திரம் முழுக்கத் தேடினாலும் மண் மண்ணாகத் தெரிகிற இடம் அந்த வளையம் ஒன்றுதான். மண்ணில் இரும்பு எவ்வளவு, மணல் கலந்ததா, நன்றாக வெந்ததா, சூளைக்குள் காற்று தாராளமாக இருந்ததா அல்லது மூச்சுமுட்ட எரித்தார்களா என்பதையெல்லாம் அங்கே படித்துவிடலாம். ஒரே மண், காற்றோட்டத்தோடு எரித்தால் வெளிர் பழுப்பாக வரும். காற்றைக் குறைத்து எரித்தால் சாம்பல் நிறமாகும், ஓரத்தில் மட்டும் செம்மை படரும்.

செய்தவரின் கையும் அங்கே பதிந்திருக்கும். சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த கிண்ணத்தின் அடியில் சிப்பியின் மேற்புறம் மாதிரி வளைந்த கோடுகள் இருக்கும். அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றியது என்று சொல்லிவிடலாம். ஜப்பானில் மரபாகச் சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றும். மேற்கத்திய பட்டறைகளில் பெரும்பாலும் இடஞ்சுழி. சக்கரம் நின்ற பிறகு அறுத்திருந்தால் கோடுகள் நேராக ஓடும். நூற்றாண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் அவசரமாக அறுத்தாரா, நிதானமாக அறுத்தாரா என்பதுகூட அதில் தெரியும். மனிதக் கை விட்டுப்போன தடயங்களில் இவ்வளவு நேரடியான ஒன்றை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சக்கரத்தில் வனையும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். ஈரமான மண் விரல்களுக்கிடையே எழுந்து வருவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அது வேலையில் ஒரு சிறு பகுதி. வனைந்த கிண்ணத்தை மூடி வைத்து, தோல்பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தோல்பதம் என்றால், அழுத்தினால் நசுங்காமல், சீவினால் நாடாவாக உரிந்து வருகிற பதம். அந்த நேரம் பார்த்துக் கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்து, நடுவில் நிறுத்தி, அடியைச் சீவ வேண்டும். ஈரம் அதிகமாக இருந்தால் கத்தியில் ஒட்டும். காய்ந்துவிட்டால் பொடிப்பொடியாகக் கொட்டும், கத்தி துள்ளி அலையலையாகத் தழும்பு விழும். சரியான பதம் ஈரப்பதத்தையும் காற்றையும் பொறுத்துக் காலையில் வரலாம், நள்ளிரவிலும் வரலாம். வெளியே போகும் திட்டம், உறவினர் வருகை, தூக்கம் எதுவும் அதற்குத் தெரியாது. என் வீட்டில் நாட்களின் ஒழுங்கு இப்படித்தான் அமைந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறையைத் தூக்கி விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால் கடைக்குப் போவேன், துணி துவைப்பேன், கடிதங்களுக்குப் பதில் போடுவேன்.

சீவும்போது வெளியில் இருந்துகொண்டே உட்புற வளைவை மனதில் வைத்திருக்க வேண்டும். கிண்ணத்தின் உள்ளே வளைவு எப்படி இறங்குகிறதோ, வெளியேயும் அதே மாதிரி இறங்கி, அடி வளையத்தில் வந்து நிற்க வேண்டும். அடியில் தடிமன் கூடினால் கையில் எடுக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனக்கும். குறைந்தால் சுடும்போது நடுவில் தொங்கிவிடும். தடிமனைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால் தட்டி ஓசையைக் கேட்போம். மண் மெலிய மெலிய ஓசை மாறும். சில நேரம் நடு அடியை அழுத்தி, அது எவ்வளவு நெகிழ்கிறது என்று பார்ப்பதும் உண்டு. பார்வையைவிடக் காதுக்கும் விரலுக்கும் வேலை அதிகமுள்ள கட்டம் இது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரமும் இதுதான்.

காய்தலும் அடியைச் சுற்றியே நடக்கிறது. விளிம்பு மெல்லியது, காற்று படும், முதலில் காயும். அடி பலகையோடு ஒட்டியிருப்பதால் கடைசியில் காயும். மண் காயும்போது சுருங்கும். விளிம்பு சுருங்கி இறுகிய பிறகு அடி சுருங்கத் தொடங்கினால், இழுவிசை எல்லாம் நடுவில் சேர்ந்து எஸ் வடிவத்தில் ஒரு விரிசல் விடும். பல நேரம் முதல் சுடுதல் வரை அது கண்ணுக்கே தெரியாது. வனையும்போது அடிமண்ணை விரலால் நன்றாக அழுத்தி இறுக்குவது, காயும்போது கவிழ்த்து வைப்பது, விளிம்பை மட்டும் மூடி வைப்பது, இவையெல்லாம் அந்த ஒரு விரிசலுக்கு எதிரான முன்னெச்சரிக்கைகள். சூளைக்குள் போன பிறகும் சுருக்கம் நிற்பதில்லை. என் மண் ஈரத்திலிருந்து முழுச் சூடு வரை ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் வனைந்த தட்டு, வெளியே வரும்போது 26 சென்டிமீட்டர் சொச்சம்தான். அந்தச் சுருக்கத்தில் ஒரு பங்கு சூளைத் தட்டின்மேல் உட்கார்ந்த நிலையிலேயே நடக்கிறது. அதாவது அவ்வளவு எடையோடு அடி வளையம் உள்நோக்கி நகர வேண்டும். நகரவிடாமல் ஏதாவது பிடித்துக்கொண்டால் தட்டு கோணிவிடும் அல்லது பிளந்துவிடும். அதனால் பெரிய தட்டுகளுக்கு அடியில் மெல்லிய மணலோ அலுமினாப் பொடியோ தூவி வைப்போம், வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று.

பயணங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இந்தக் கவிழ்ந்த பக்கத்தைப் பற்றித்தான்.

ஜப்பானில் ஷிகாராக்கிக்குப் போனது அந்த மண்ணுக்காக. பழைய பீவா ஏரி பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன படிவு அது. ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் பருக்கைகள் அதில் கலந்திருக்கும். சுடும்போது அவை மேற்பரப்பில் வெள்ளை வெள்ளையாகத் துருத்தி வரும். ஷிகாராக்கியும் பிஸென்னும் ஜப்பானின் ஆறு தொன்மையான சூளைத்தலங்களில் சேர்ந்தவை. அங்கே விறகுச் சூளையைப் பல நாட்கள் இரவும் பகலும் எரிக்கிறார்கள். கிளேஸே பூசாத ஜாடிமேல் விறகுச் சாம்பல் பறந்து வந்து படிந்து, சூடு கூடியதும் உருகி, பச்சைக் கண்ணாடியாக வழியும். மேலிருந்து கண்ணாடி வழிகிறது என்றால் அடியும் ஒட்டிக்கொள்ளுமே என்று கேட்கலாம். அதற்குக் கடற்சிப்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். சிப்பிக்குள் மண்ணை அடைத்து, அதன்மேல் பாத்திரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள். சூட்டில் சிப்பி சுண்ணாம்பாகிவிடும். வெளியே எடுத்ததும் ஈரம் பட்டுப் பொடிந்து உதிர்ந்துவிடும். பாத்திரத்தில் சிப்பியின் கோடுகள் மட்டும் தங்கும். ஒரு ஜாடியின் பக்கவாட்டில் அந்தத் தடத்தைப் பார்த்தால், அது சூளைக்குள் எந்தப் பக்கம் படுத்திருந்தது, நெருப்பு எந்தத் திசையிலிருந்து வந்தது, சாம்பல் எப்படி வழிந்தது என்று முழுச் சம்பவத்தையும் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அங்கே நான் இருந்தபோது மாலை வேளைகளில் செய்த முக்கியமான வேலை அதுதான். ஜாடிகளைச் சாய்த்துப் பிடித்து, நெருப்பு போன வழியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சீனாவின் ஜிங்தேஜென் அதற்கு நேர் எதிர். அங்கே தற்செயலுக்கு இடமே கொடுக்காத ஒரு மரபு. பக்கத்திலுள்ள கவோலிங் மலையின் வெள்ளை மண்ணையும் பீங்கான் கல்லையும் கலந்து, 1300 டிகிரியை ஒட்டிச் சுட்டு, உலகம் முழுக்க அனுப்பிய ஊர். ஒரு கோப்பை முழுமையடைய 72 கைகள் வேண்டும் என்பது பழைய கணக்கு. வனைபவர் ஒருவர், சீவுபவர் வேறொருவர், கோடு போடுபவர் ஒருவர், அந்தக் கோட்டுக்குள் நிறம் நிரப்புபவர் இன்னொருவர். அடியைச் சீவுவதையே வாழ்நாள் தொழிலாகச் செய்கிறவர்களை அங்கே பார்த்தேன். வனைந்து வந்த தடித்த கிண்ணம் அவர்கள் கையில் போய்த்தான் மெலிகிறது. உண்மையில் வடிவம் பிறப்பது அங்கேதான். சக்கரத்தின்மேல் குனிந்து, நீண்ட இரும்புக் கத்தியை உடம்போடு அணைத்துப் பிடித்துச் சீவுகிறார்கள். வெள்ளைத் துகள் பனி மாதிரிக் கிளம்புகிறது. பீங்கானைக் காய்ந்த நிலையில் சீவுவது அங்குள்ள முறை. அந்தத் தூசு என்னைக் கவலைப்பட வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மிங் காலத்தில் அரண்மனைக்காக வேலை செய்த சூளைகள் அங்கே இருந்தன. அரசருக்குப் போகத் தகுதியில்லை என்று கழிக்கப்பட்டதை விற்க முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. உடைத்துக் குழியில் போட்டுப் புதைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்துத் தொல்லியல் ஆய்வாளர்கள் அந்தக் குழிகளைத் தோண்டி, துண்டு துண்டாகச் சேர்த்து, முழுப் பாத்திரங்களாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். 2020இல் திறக்கப்பட்ட அரச சூளை அருங்காட்சியகத்தின் செங்கல் வளைவுகளில் ஒரு பகுதி, இடித்த பழைய சூளைகளின் கற்களால் கட்டப்பட்டது. அங்கே ஒட்டு வரிகளோடு நிற்கும் கிண்ணங்களைப் பார்க்கும்போது எனக்குள் எழுந்தது கோபம். எந்தக் குறைக்காக இதை உடைத்தார்கள் என்று பல துண்டுகளில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நிறம் ஒரு சாயல் மங்கியிருக்கலாம். அளவு ஒரு நூல் பிசகியிருக்கலாம். அதை வனைந்தவரின், சீவியவரின், வரைந்தவரின் பல நாள் உழைப்பு ஒரே அடியில் குழிக்குள் போயிருக்கிறது. அந்த மரபின் நேர்த்தியை நான் மதிக்கிறேன். அந்தக் குழிகளை மதிக்க முடியவில்லை.

அந்த ஊரில் விடிவதற்கு முன்பே கூடும் சந்தையில் உடைந்த பீங்கான் துண்டுகளை விற்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் கைவிளக்கை அடித்துப் பார்ப்பதும் அடிப்பக்கத்தைத்தான், முத்திரை இருக்கிறதா என்று. அரசரின் காலத்தைக் குறிக்கும் நான்கோ ஆறோ எழுத்துகள், நீல நிறத்தில், பெரும்பாலும் இரட்டை வட்டத்துக்குள். அந்த முத்திரைகளுக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1677இல் காங்ஷி அரசரின் காலத்தில், ஜிங்தேஜென் அதிகாரி ஒருவர் பீங்கானில் அரசர் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்தால் பெயர் குப்பையில் கிடக்கும், காலில் மிதிபடும், அது அவமதிப்பு என்பது காரணம். அந்தக் காலப் பாத்திரங்கள் சிலவற்றில் நீல இரட்டை வட்டம் மட்டும் இருக்கும், உள்ளே வெறுமை. வேறு சிலவற்றில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய செங்ஹுவா அரசரின் பெயரை எழுதினார்கள், பழைய காலத்தின்மேல் இருந்த மரியாதையால். ஆகவே அடியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. மண்ணைப் பார்க்க வேண்டும், சீவிய விதத்தைப் பார்க்க வேண்டும். எழுத்தைப் பார்த்து எழுதிவிடலாம். இன்னொரு பட்டறையின் கை சீவுகிற விதத்தை அப்படியே கொண்டுவருவது கடினம்.

அருங்காட்சியகங்களில்தான் நான் தவித்துப்போவேன். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் நேராக நிற்கும், எதையும் கவிழ்க்க முடியாது. சில இடங்களில் அடியில் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அதை வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி. சீனாவின் வட சோங் அரச மரபின் காலத்து ரூ வகைப் பாத்திரங்கள் உலகில் நூறுகூட எஞ்சவில்லை என்கிறார்கள். அவற்றின் அடி வரை முழுக்கக் கிளேஸ் பூசி, ஊசி முனைகளின்மேல் நிறுத்திச் சுட்டார்கள். அடியில் எள் அளவில் சில புள்ளிகள் மட்டும் இருக்கும். முகக்கண்ணாடி இல்லையென்றால் அந்த எள்ளைப் பார்க்கவே முடியாது. அதே காலத்து டிங் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். அதனால் அடி முழுக்கப் பூச்சு, விளிம்பு வெறும் மண். வாய்க்குச் சொரசொரப்பாக இருக்குமே என்று விளிம்பில் உலோகப் பட்டை கட்டினார்கள். ஒரே பிரச்சினை, பாத்திரம் எங்கே உட்காரும் என்பது. அதற்கு ஒருவர் எள் முனையைக் கண்டுபிடித்தார், இன்னொருவர் தலைகீழாக்கினார், ஷிகாராக்கிக்காரர் கடற்கரைக்குப் போய்ச் சிப்பி பொறுக்கினார்.

லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடங்களில் லூசி ரீயின் பட்டறையை மீண்டும் அமைத்து வைத்திருக்கிறார்கள். வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்தவர். போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான்கள் செய்து வாழ்ந்தார். பின்னாளில் அவர் வனைந்த கிண்ணங்கள் அகலமாக விரிந்து, மிகக் குறுகிய அடியில் நிற்கும். அப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் துணிச்சல் புரியும். அடி குறுகக் குறுக, சூட்டில் மண் இளகும் நேரத்தில் விரிந்த விளிம்பு ஒரு பக்கமாகச் சரியத் துடிக்கும். சுவரின் தடிமன் சுற்றிலும் சமமாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். அவருடைய கிண்ணங்கள் காற்றில் மிதப்பது மாதிரித் தெரிவதற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

அடியே தட்டையாக இல்லாத பாத்திரங்களும் உண்டு. உலகின் பல பகுதிகளில் சமைக்கவும் தண்ணீர் வைக்கவும் பயன்பட்ட பழைய பானைகள் உருண்டை அடியோடு இருக்கின்றன. அதை நிறுத்தத் தெரியாமல் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், தவறு. நெருப்பின்மேல் வைக்கிற பானையில் கூர்மையான மூலை இருந்தால், சூட்டில் விரிவதும் சுருங்குவதும் அந்த மூலையில் அழுத்தமாகச் சேர்ந்து அங்கேதான் முதலில் விரிசல் விடும். உருண்டையில் அழுத்தம் பரவிப்போகும், தழலும் சமமாகத் தழுவும். மணலிலோ மூன்று கற்களின்மேலோ பானை நன்றாக உட்காரும். சமதளமான மேசையை மனதில் வைத்துப் பார்ப்பதால்தான் அது குறையாகத் தெரிகிறது.

அந்த உருண்டைப் பானை மரபிலிருந்து வந்தவர் நைஜீரியாவின் லாடி குவாலி. தன் அத்தையிடம் சிறு வயதில் கற்றார். பெரிய பானைகளுக்குச் சக்கரம் கிடையாது. பானை ஒரே இடத்தில் இருக்கும், அவர் அதைச் சுற்றிப் பின்னோக்கி நடந்துகொண்டே மண் திரிகளை அடுக்கி, சுவரை எழுப்புவார். சக்கரம் செய்யும் வேலையை அவர் கால்கள் செய்தன. 1950களில் ஆங்கிலக் குயவர் மைக்கேல் கார்டியூ நடத்திய அபுஜா மட்பாண்டப் பயிற்சி மையத்தில் சேர்ந்து, அதே பானைகளை உயர்ந்த சூட்டில் கிளேஸோடு சுட்டார். இன்று நைஜீரியாவின் 20 நைரா தாளில் அவர் படம் இருக்கிறது. குயவர் ஒருவரைப் பணத்தாளில் போட்ட நாட்டின்மேல் எனக்குத் தனி அன்பு. அவர் முறையில் ஒரு பானையைச் சுற்றி நடந்து பார்த்த பிறகு, சக்கரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்வது எவ்வளவு உடம்பைக் கட்டிப்போடுகிற பழக்கம் என்று எனக்குத் தெரிந்தது. முதுகு வலிக்கு மருத்துவம் பார்ப்பதைவிட அது உதவியது என்றே சொல்வேன். இப்போது வாரத்தில் சில நாட்கள் நின்றும் நடந்தும்தான் வேலை.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். குறையே அழகு என்ற பேச்சு இப்போது பீங்கான் உலகில் அதிகம் கேட்கிறது. அதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது கியோத்தோவின் தைத்தோகுஜி கோயில் வளாகத்தில் இருக்கும் கிஸாயெமோன் கிண்ணத்தை. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பெயர் தெரியாத ஒருவர் வனைந்தது, இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். அந்த வகைக் கிண்ணங்களில் ரசிகர்கள் தேடிப் பார்ப்பது அடி வளையத்தைச் சுற்றிக் கிளேஸ் சுருண்டு மணி மணியாகத் திரண்டிருப்பதை. சீவிய இடத்தில் மண் சொரசொரப்பாக இருந்ததால் பூச்சு அப்படித் திரண்டது. அதை வனைந்தவர் குறையைத் தேடிப் போகவில்லை. பழகிய கை, வேகமான சக்கரம், தேவையான அளவு மட்டும் சீவல். அவ்வளவுதான். மேசையில் ஆடுகிற கோப்பையையும் உதட்டை அறுக்கிற விளிம்பையும் விற்றுவிட்டு அந்தக் கிண்ணத்தின் பெயரைச் சொல்வது அந்தக் குயவருக்குச் செய்கிற அநியாயம். அவர் கிண்ணம் ஆடுவதில்லை. நன்றாக நிற்கிறது, கைக்குள் நன்றாக அடங்குகிறது.

தூசு பற்றிச் சொல்கிறேன் என்றேனே. களிமண்ணிலும் கிளேஸ் பொடியிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்கிற அந்த நோய்க்கு முழுத் தீர்வு இல்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1997இல் இந்தத் துகளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக வகைப்படுத்தியது. 2010இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பியபோது, முதலில் மக்கள் அதன்மேல் நடந்தார்கள். சில நாட்களிலேயே நடக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், காலடியில் தூசு கிளம்பியதால். அந்த விதைகளை ஜிங்தேஜெனில் 1600க்கும் மேற்பட்டவர்கள் கையால் செய்திருந்தார்கள். பார்வையாளருக்குச் சில மணி நேரத் தூசுக்கே கயிறு கட்டினார்கள் என்றால், வாழ்நாள் முழுக்கக் காய்ந்த பீங்கானைச் சீவுகிறவரின் நுரையீரலை நினைத்துப் பாருங்கள். என் பட்டறையில் துடைப்பம் கிடையாது. ஈர ஸ்பாஞ்ச், ஈரத் துடைப்பான், வாளித் தண்ணீர், வேலை முடிந்ததும் தினமும். வேலை உடையைப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோவதில்லை. சுட்ட பாத்திரத்தின் அடியைத் தேய்ப்பதும் தண்ணீருக்குள் வைத்துத்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மண் பிசைவதற்கு முன்பே தரை துடைக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடியைத் தேய்ப்பது ஏன் என்றால், கிளேஸ் இல்லாத வளையம் சொரசொரப்பானது, மேசையைக் கீறும், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கீழ்த்தட்டின் பளபளப்பைக் கெடுக்கும். தேய்த்து முடித்ததும் உள்ளங்கையில் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். கன்னத்தில் வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு, கன்னம் கையைவிட நுட்பமானது.

அப்புறம் ஒரு சோதனை. நன்றாக வேகாத மண் தண்ணீரைக் குடிக்கும். கோப்பை கழுவும் ஒவ்வொரு முறையும் கிளேஸ் இல்லாத அடி வழியாக ஈரம் ஏறும். மைக்ரோவேவில் வைத்தால் அந்த ஈரம் கொதித்துக் கோப்பை கையைச் சுடும், சில நேரம் வெடிக்கும். இரவில் மேசையில் வைத்த பூச்சாடி காலையில் வட்டமாக ஈரக்கறை விடுவதற்கும் இதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு புது மண் மூட்டைக்கும் கிளேஸ் பூசாத துண்டொன்றைச் சுட்டு, எடை போட்டு, தண்ணீரில் பல மணி நேரம் கொதிக்க வைத்து, ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுவேன். 400 கிராம் துண்டு 412 கிராம் ஆனால் 3 சதவீதம் குடித்திருக்கிறது என்று பொருள். தினம் புழங்கும் கோப்பைக்கு எனக்கு அது அதிகம். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அல்லது உச்ச சூட்டில் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். சூடும் நேரமும் சேர்ந்துதான் மண்ணை வேகவைக்கின்றன. அதனால்தான் வெப்பமானி காட்டும் எண்ணோடு நிற்காமல், சூட்டில் வளைந்து விழும் கோன்களையும் சூளைக்குள் வைக்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் ஸேகரும் அமெரிக்காவில் ஆர்ட்டனும் முறைப்படுத்திய அந்தச் சிறு முக்கோணத் தூண்களுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

கடைசியாக, முத்திரை. 1924இல் ஜப்பானின் மஷிகோ என்ற ஊருக்குக் குடிபோன குயவர் ஹமாடா ஷோஜி தன் பாத்திரங்களில் பெயர் போடுவதை விட்டுவிட்டார். கியோத்தோவின் கவாய் கன்ஜிரோவும் போடவில்லை. பெயரைவிடப் பாத்திரம் பெரிது என்ற அந்த நிலைப்பாட்டை இளவயதில் நானும் பின்பற்ற விரும்பினேன். ஆனால் அவர்கள் சூளையையும் கையையும் அறிந்த ஒரு கூட்டம் அவர்களைச் சுற்றி இருந்தது. என்னிடம் வாங்குகிறவர் நான் பார்க்கவே முடியாத வீட்டில் அதைப் பயன்படுத்துகிறார். ஒரு வருடம் கழித்துக் கிளேஸில் மயிரிழை வெடிப்பு வந்தாலோ, அடியில் ஈரம் கசிந்தாலோ யாரிடம் கேட்பது? அதனால் தோல்பதத்தில், சீவி முடித்த கையோடு, அடி வளையத்துக்குள் என் முத்திரையைப் பதிக்கிறேன். அதன் பக்கத்தில் ஊசியால் மூன்று குறிகள்: எந்த மண் மூட்டை, எந்தக் கிளேஸ் வாளி, எந்தச் சூளைச் சுடுதல். என் குறிப்பேட்டில் அதே குறிகளுக்கு நேராகக் கொதிநீர்ச் சோதனையின் எடைகளும் கோன் விழுந்த நேரமும் இருக்கும். யாராவது கோப்பையின் அடியைப் படம் எடுத்து அனுப்பினால், குறிப்பேட்டைத் திறந்து, அதே சூளையில் சுட்ட மற்ற கோப்பைகள் யார் யாரிடம் போயின என்று பார்த்து, அவர்களுக்கும் எழுதிக் கேட்டுவிடுவேன்.